என்பிஏ, யூஎஃப்சி பற்றிப் பேசும்போது ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஆட்டம் முடிந்த கையோடு "30 பாயிண்ட் அடிச்சிருக்கான், இன்னைக்கு இவன்தான்" என்று ஒரு கருத்து வந்துவிடும். யூஎஃப்சி (கூண்டுக்குள் நடக்கும் சண்டைப் போட்டி) சண்டை முடிந்தால் "ஜட்ஜுங்க ஏமாத்திட்டாங்க" என்று இன்னொன்று. இந்த இரண்டு வாதங்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகின்றன: அந்த விளையாட்டு எதை அலகாக வைத்துக் கணக்குப் பார்க்கிறதோ, அதை விட்டுவிட்டு வேறொன்றால் அளக்கிறோம். கூடைப்பந்தில் அந்த அலகு பொசஷன், அதாவது பந்து ஓர் அணியின் கைக்கு வரும் ஒவ்வொரு வாய்ப்பும். எம்எம்ஏ-வில் (அடியும் பிடியும் கலந்த யூஎஃப்சி வகைச் சண்டை) அது சுற்று. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றை மறந்ததால் வருபவைதான்.

மொத்தப் பாயிண்டை வைத்து எடை போடுவது

ஓர் ஆட்டத்தில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 30 பாயிண்ட்: 27 ஷாட்டில் 12 உள்ளே, அதில் 2 த்ரீ பாயிண்டர் (கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும், மூன்று பாயிண்ட் தரும் ஷாட்), ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தடுப்பில்லாமல் எறியும், ஒரு பாயிண்ட் தரும் ஷாட்) 5-க்கு 4. இரண்டாமவர் 22 பாயிண்ட்: 13 ஷாட்டில் 8 உள்ளே, அதில் 3 த்ரீ பாயிண்டர், ஃப்ரீ த்ரோ 4-க்கு 3. தலைப்புச் செய்தி முதலாமவருக்குத்தான் போகும்.

இப்போது ட்ரூ ஷூட்டிங் கணக்கை, அதாவது ஒருவர் தன் வாய்ப்புகளை எவ்வளவு நன்றாகப் பாயிண்டாக மாற்றினார் என்ற அளவை, போட்டுப் பாருங்கள். எறிந்த ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44-ஆல் பெருக்கி, எடுத்த ஷாட்களோடு கூட்டுங்கள். அதை இரண்டால் பெருக்குங்கள். வரும் எண்ணால் பாயிண்டை வகுங்கள். முதலாமவருக்கு 30-ஐ 58.4-ஆல் வகுத்தால் 51.4 சதவீதம். இரண்டாமவருக்கு 22-ஐ 29.52-ஆல் வகுத்தால் 74.5 சதவீதம். சமீப சீசன்களில் லீக் சராசரி 57, 58 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அப்படியென்றால் முதலாமவர் செலவழித்த சுமார் 29 வாய்ப்புகளைச் (58.4-இல் பாதி) சராசரி ஆட்டக்காரர்களிடம் கொடுத்திருந்தால் அணிக்கு 33 பாயிண்ட் வந்திருக்கும். 30 அடித்தும் அணிக்கு நஷ்டம்.

ஏன் 0.44, பாதி இல்லையா என்று கேட்கலாம். கூடையும் விழுந்து ஃபவுலும் கிடைத்தால் வரும் ஒற்றை ஃப்ரீ த்ரோ தனி வாய்ப்பு இல்லை. டெக்னிக்கல் ஃபவுலுக்கு (மோசமான நடத்தை போன்றவற்றுக்கான தண்டனை) எறிவதும் அப்படித்தான். த்ரீ எறியும்போது ஃபவுல் என்றால் ஒரே வாய்ப்பில் மூன்று ஃப்ரீ த்ரோ. இவற்றையெல்லாம் கழித்தால் ஒரு ஃப்ரீ த்ரோ அரை வாய்ப்பைவிடக் கொஞ்சம் குறைவாக வரும்.

இதிலேயே எதிர்த்திசைத் தவறும் உண்டு. சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, யாரோ கொடுக்கும் பாஸை வாங்கி டங்க் மட்டும் போடும் (பந்தைக் கூடைக்குள் நேரே திணிக்கும்) சென்டரை அணியின் சிறந்த ஸ்கோரர் என்று சொல்வது. ஷாட் எடுக்க அணிக்குத் தரும் 24 விநாடிக் கடிகாரத்தில் நான்கு விநாடி மிச்சம் இருக்கும்போது பந்து யார் கையில் திணிக்கப்படுகிறது என்று பாருங்கள். அந்த மோசமான ஷாட்களும் அவர் கணக்கில்தான் ஏறும். எத்தனை வாய்ப்பை ஒருவர் சுமக்கிறார் என்பதையும் சதவீதத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பழைய எண்களை இன்றைய எண்களோடு அப்படியே ஒப்பிடுவது

வில்ட் சேம்பர்லேன் 1961-62 சீசனில் ஆட்டத்துக்கு 50.4 பாயிண்ட், 25.7 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைக் கைப்பற்றுவது) சராசரி வைத்திருந்தார். அதே சீசனில் ஆஸ்கர் ராபர்ட்சன் சராசரியிலேயே ட்ரிபிள் டபுள் (பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கம்). இரண்டுமே மகத்தான சாதனைகள். ஆனால் அன்று ஓர் அணி ஓர் ஆட்டத்தில் 100-க்கு மேல் ஷாட் எடுத்தது, இன்று 90-ஐ ஒட்டி. அன்று தவறிய ஷாட்டும் அதிகம், அதனால் ஓர் அணிக்கு 70-க்கு மேல் ரீபவுண்ட் கிடைத்தது. இன்று 44-ஐ ஒட்டித்தான். பொறுக்கக் கிடைக்கும் பந்தே இவ்வளவு குறைந்த பிறகு இன்றைய ஆட்டக்காரரிடம் 25 ரீபவுண்ட் கேட்பது நியாயமில்லை. 100 பொசஷனுக்கு எவ்வளவு என்று மாற்றிக்கொண்டு பேசினால் வாதம் நேராகும். வில்ட் அந்த சீசனில் சராசரியாக 48.5 நிமிடம் ஆடினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆட்டமே 48 நிமிடம்தான், மேலே உள்ள அரை நிமிடம் ஓவர்டைமில் வந்தது. அந்த உழைப்பு எந்தக் காலத்துக்கும் பெரியது.

பிளாக் (ஷாட்டைத் தடுப்பது), ஸ்டீல் (பந்தைப் பறிப்பது) இரண்டையும் என்பிஏ அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1973-74-இல். வில்ட், பில் ரஸ்ஸல் இருவரும் அதற்குள் விடைபெற்றுவிட்டார்கள். ஆகவே, 3,830 பிளாக்குடன் ஹக்கீம் ஒலாஜுவான் முதலிடம் என்று சொல்லும்போது "1973-க்குப் பிறகு" என்ற வார்த்தையை விடக் கூடாது.

ஒரு ராத்திரியை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

2018 மேற்குப் பிரிவு இறுதி, ஏழாவது ஆட்டம். ஹூஸ்டன் ராக்கெட்ஸ் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக முதல் பாதியில் 11 பாயிண்ட் முன்னிலை. பிறகு தொடர்ச்சியாக 27 த்ரீ தவறியது. மொத்தம் 44-க்கு 7. ஆட்டம் 92-101 என்று கைவிட்டுப் போனது. "த்ரீயை நம்பினால் இதுதான் கதி" என்ற கருத்து அன்று பிறந்து இன்னும் சாகவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது? 36 சதவீதம் விழும் த்ரீ ஒவ்வொன்றுக்கும் 1.08 பாயிண்ட் தரும். கோட்டுக்குச் சற்று உள்ளே நின்று 42 சதவீதம் போடும் இரண்டு பாயிண்ட் ஷாட் 0.84 தரும். 100 வாய்ப்பில் 24 பாயிண்ட் வித்தியாசம். கார்னரில் கோடு கூடையிலிருந்து 22 அடியில் இருக்கிறது, நடுவில் 23 அடி 9 அங்குலம். அதனால்தான் அணிகள் கார்னரில் ஆளை நிறுத்துகின்றன. 36 சதவீத அணி குறிப்பிட்ட 27 ஷாட்டையும் வரிசையாகத் தவறவிட வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே. களைத்த கால்கள், நெருக்கும் தடுப்பு, காயத்தால் வெளியே உட்கார்ந்திருந்த கிறிஸ் பால் எல்லாம் அந்த வாய்ப்பைக் கூட்டியிருக்கும். ஆனால் அந்த அணி அதே திட்டத்தால்தான் அந்த ஆட்டம் வரை வந்தது. ஷாட் நல்ல ஷாட்டா என்பது ஒரு கேள்வி, விழுந்ததா என்பது வேறு கேள்வி. இந்தியாவில் நேரலை அதிகாலையிலும் காலையிலும் வருவதால் பலரும் ஹைலைட்ஸ் மட்டும் பார்க்கிறார்கள். அதில் விழுந்த ஷாட்கள் மட்டுமே இருக்கும். கருத்துச் சொல்வதென்றால் ஒரு கால்பகுதியையாவது முழுசாகப் பாருங்கள்.

ஓர் ஆட்டத்தின் பிளஸ் மைனஸை (ஒருவர் களத்தில் இருந்தபோது அணி எத்தனை பாயிண்ட் முன்னே அல்லது பின்னே என்ற எண்) வைத்துப் பேசுவதும் இதே ரகம். உடன் ஆடும் நால்வரின் தரமும், எதிரணி ஷாட் அன்று விழுந்ததா என்பதும் அந்த எண்ணில் கலந்திருக்கும்.

மோதிரக் கணக்கு

ராபர்ட் ஹோரியிடம் 7 சாம்பியன்ஷிப் மோதிரம், மைக்கேல் ஜோர்டனிடம் 6, சார்லஸ் பார்க்லியிடம் ஒன்றுகூட இல்லை. மோதிரத்தை மட்டும் வைத்தால் ஹோரி ஜோர்டனுக்கு மேலே போய்விடுவார். அதற்கு மேல் இதில் பேச எதுவும் இல்லை.

கல்லூரி மைதானத்து விதியை வைத்து என்பிஏ-வைப் பார்ப்பது

நம்மூரில் பள்ளி, கல்லூரியில் ஆடியவர்களுக்குப் பழக்கம் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பு) விதி. அங்கே 40 நிமிடம், 5 ஃபவுல், பந்து வளையத்தில் பட்டுவிட்டால் யாரும் தட்டிவிடலாம். என்பிஏ-வில் 48 நிமிடம், 6 ஃபவுல், வளையத்துக்கு நேர் மேலே பந்து இருக்கும்வரை தொடக் கூடாது. அடிக்கடி கேட்பது "எல்லாரும் ட்ராவல் பண்றாங்க, ரெஃபரி விடறார்" என்ற புகார், அதாவது பந்தைத் தட்டாமல் கூடுதல் அடி வைக்கிறார்கள் என்று. ஓடிக்கொண்டே பந்தைத் தரையில் தட்டுவதை முடித்துப் பந்தை முழுசாகப் பிடிக்கும் தருணம்தான் கேதர். அந்த நேரத்தில் தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது, அதற்குப் பிறகு இரண்டு அடி எடுக்கலாம். மொத்தம் மூன்று போலத் தெரியும். ஃபிபாவும் 2017-இல் இதை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் ஆடியவர்கள் கண்ணுக்குத்தான் இது இன்னும் உறுத்துகிறது. ரீப்ளேயில் காலைப் பார்க்காமல் முதலில் கையைப் பாருங்கள்: பந்து எப்போது அடங்கியது என்று தெரிந்த பிறகு அடியை எண்ணுங்கள்.

சண்டையை மொத்தமாகப் பார்த்து ஜெயித்தவரைச் சொல்வது

எம்எம்ஏ-வில் அதிகம் நடக்கும் தவறு இது. சாதாரணச் சண்டை 5 நிமிடச் சுற்று மூன்று, பட்டத்துக்கான சண்டை ஐந்து. மூன்று ஜட்ஜுகள் ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாக மதிப்பிட்டு, ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9 அல்லது அதற்குக் கீழே எழுதி, அந்தச் சுற்று முடிந்ததும் சீட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு திருத்த முடியாது. ஒருவர் இரண்டு சுற்றை மயிரிழையில் எடுத்து, மூன்றாவதில் நன்றாக அடி வாங்கினாலும் 29-28 அவருக்குத்தான். "கடைசியில் யார் முகம் வீங்கியிருந்தது" என்பது தீர்ப்பைச் சொல்லாது.

2020 பிப்ரவரியில் ஹூஸ்டனில் ஜான் ஜோன்ஸ், டொமினிக் ரெயஸ் மோதிய சண்டை இதற்கு நல்ல பாடம். முதல் மூன்று சுற்றும் ரெயஸுக்கு என்று பலர் எழுதினார்கள். கடைசி இரண்டு ஜோன்ஸுக்குப் போனது. தீர்ப்பு ஒருமனதாக ஜோன்ஸ் பக்கம்: 48-47, 48-47, 49-46. முதல் இரண்டு எண்ணையும் பற்றி நியாயமாக வாதிடலாம், ஒரே ஒரு சுற்றில்தான் கருத்து வேறுபாடு. ஜோன்ஸுக்கு நான்கு சுற்று கொடுத்த 49-46-ஐத்தான் ஆதரிப்பது கடினம். "கொள்ளை" என்று மொத்தமாகக் கத்துவதைவிட "எந்த ஜட்ஜ், எந்தச் சுற்று" என்று கேட்டால் உங்கள் புகாருக்கு எடை கூடும். ஒருமனதான தீர்ப்பு என்றால் எளிதான வெற்றி என்று அர்த்தமில்லை என்பதும் இதிலேயே தெரிகிறது.

பாயிண்ட் வெட்டு எப்படி எண்ணை மாற்றும் என்பதற்கு 2023 மார்ச்சில் லண்டனில் லியோன் எட்வர்ட்ஸ், கமாரு உஸ்மான் சண்டையைப் பாருங்கள். கூண்டின் வலையைப் பிடித்ததற்காக எட்வர்ட்ஸுக்கு ஒரு பாயிண்ட் போனது. நான்கு சுற்று கொடுத்த ஜட்ஜுகளிடம் 49-46 என்பது 48-46 ஆனது. மூன்று சுற்று கொடுத்தவரிடம் 48-47 என்பது 47-47 ஆனது. இருவர் எட்வர்ட்ஸ் பக்கம், ஒருவர் சமன்: இதுதான் மெஜாரிட்டி டிசிஷன். மூன்றாமவர் எதிராளிக்குக் கொடுத்திருந்தால் அது ஸ்பிளிட்.

சுற்றுக்குள் எதைப் பார்ப்பது? 2017 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, பலன் தரும் அடியும் பிடியும்தான் முதலில். உடனடியாகத் தெரியும் பாதிப்புக்கு, மெல்லச் சேரும் பாதிப்பைவிட அதிக எடை. அது இருவருக்கும் துல்லியமாகச் சமமாக இருந்தால் மட்டுமே முன்னேறித் தாக்கும் வேகம், அதுவும் சமம் என்றால்தான் கூண்டின் நடுவை யார் வைத்திருந்தார் என்பது. ஆகவே எதிராளியைக் கீழே தள்ளி மூன்று நிமிடம் கட்டிப்பிடித்துப் படுத்திருந்தவர், அங்கே அடியோ சப்மிஷன் (எதிராளியைச் சரணடைய வைக்கும் பிடி) முயற்சியோ இல்லையென்றால், அதனாலேயே சுற்றை வென்றுவிடமாட்டார். திரையில் வரும் சிக்னிஃபிகண்ட் ஸ்ட்ரைக் (முக்கியமானவை என எண்ணப்படும் அடிகள்) எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். தூரத்தில் நின்று கொடுக்கும் லேசான ஜாப்பும், காலைத் தள்ளாட வைத்த வலது கைக் குத்தும் அதில் ஒவ்வொன்றுதான்.

வீட்டில் மதிப்பெண் போட ஒரு வழி: வர்ணனைச் சத்தத்தை அணைத்துவிடுங்கள். சுற்று முடிந்த அந்த ஒரு நிமிட இடைவேளையில், புள்ளிவிவரம் திரையில் வருமுன் எண்ணை எழுதிவிடுங்கள். சண்டையை முடிவுக்கு அருகே கொண்டுபோனவர் யார் என்ற ஒரே கேள்வி போதும்.

"ஏ பி-யை அடிச்சான், பி சி-யை அடிச்சான், அப்போ ஏ சி-யை அடிப்பான்"

ரொண்டா ரௌஸி மீஷா டேட்டை இரண்டு முறை ஆர்ம்பாரில் (கை மூட்டை வளைக்கும் பிடி) தோற்கடித்தார். 2015 நவம்பரில் ஹாலி ஹோம் ரௌஸியை நாக்அவுட் செய்தார். 2016 மார்ச்சில் டேட், மதிப்பெண்ணில் பின்தங்கியிருந்த நிலையில், ஐந்தாம் சுற்றில் ஹோமின் கழுத்தை நெரித்து வென்றார். வட்டம் முடிந்தது. தூரம் காத்து அடிக்கும் ஹோமிடம் நேராக ஓடிப்போவதே ரௌஸிக்கு ஆபத்து, பிடித்துக் கீழே இறக்கத் தெரிந்தவர்தான் ஹோமுக்கு ஆபத்து. யார் யாரை வென்றார் என்பதைவிட எந்த இடத்தில் வென்றார் என்பதைக் கேளுங்கள்: நின்றா, கூண்டோரத்தில் நெருங்கியா, தரையிலா.

"லக்குல ஒரு அடி" என்பதும் இதோடு சேர்ந்ததே. 2022 ஆகஸ்ட்டில் எட்வர்ட்ஸுக்கு எதிராக உஸ்மான் மூன்று ஜட்ஜிடமும் முன்னிலையில் இருந்தார், ஐந்தாம் சுற்றில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக மிச்சம். எட்வர்ட்ஸ் இடது கையைக் காட்டினார், உஸ்மான் தலையைச் சாய்த்தார், அந்தப் பக்கமே இடது கால் வந்து இறங்கியது, உஸ்மான் நாக்அவுட். குறிவைத்துச் செய்த வேலை.

எடையையும் கவனிக்காமல் விட வேண்டாம். தராசு ஏறுவது முந்தைய நாள். 155 பவுண்டில் நின்றவர் மறுநாள் கூண்டுக்குள் அதைவிடக் கனமாக நுழைவார். பட்டச் சண்டைக்கு 155 என்றால் 155, மற்றவற்றுக்கு ஒரு பவுண்டு சலுகை. 2022 மே மாதம் சார்லஸ் ஒலிவேரா அரை பவுண்டு கூடியதால் தராசிலேயே பட்டத்தை இழந்தார், மறுநாள் எதிராளி ஜஸ்டின் கேத்ஜியை முதல் சுற்றிலேயே தோற்கடித்தும் பட்டம் திரும்பவில்லை. குறுகிய அவகாசத்தில் சண்டைக்கு ஒத்துக்கொண்டவர் மூன்றாம் சுற்றில் மூச்சு வாங்கினால் "மனசில்லை" என்று எழுதுவதற்கு முன், எடை குறைக்க அவருக்கு எத்தனை வாரம் கிடைத்தது என்று பாருங்கள்.

தோல்விப் பட்டியலை அந்தக் காலத்து விதியோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஜோன்ஸின் பெயரில் உள்ள ஒரே தோல்வி 2009 டிசம்பரில் மாட் ஹாமிலுக்கு எதிராக, மேலிருந்து நேராகக் கீழே இறக்கிய முழங்கை அடிக்காக வந்த டிஸ்குவாலிஃபிகேஷன். அந்த அடியின் மீதான தடை பொது விதிகளில் 2024 நவம்பர் 1 முதல் நீக்கப்பட்டது. ஆனாலும் அன்று அது ஃபவுல்தான், அதனால் தோல்வி தோல்வியாகவே இருக்கிறது. அவரை "தோற்காதவர்" என்று எழுதுவதும் தவறு, ஹாமில் அவரை அடித்து வீழ்த்தினார் என்று எழுதுவதும் தவறு.