கேம்பர்வேனில் ஆல்ப்ஸ்: அரிசி மூட்டையை இறக்கிவிட்டுப் படியுங்கள்

ஜெர்மனியின் பவேரியாவில் பெந்தெகொஸ்தே பள்ளி விடுமுறை இரண்டு வாரம். அதற்கு ஒரு மாதம் முன்பே, படுக்கையும் அடுப்பும் இருக்கிற கேம்பர்வேனை வாடகைக்கு எடுக்கிறவர்களிடமிருந்து எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "கேம்பர்வேன் புக் பண்ணிட்டோம், ஆஸ்திரியா வழியா இத்தாலியில இருக்கிற டோலமைட்ஸ் மலைக்குப் போறோம், எங்கெல்லாம் நிக்கலாம்னு சொல்லுங்க." எங்கே நிற்கலாம், எங்கே போட்டோ எடுக்கலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வண்டி எவ்வளவு தாங்கும் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. நான் ஆரம்பத்தில் செய்த கூத்துகளையே வருடா வருடம் புதிதாக ஒரு குடும்பம் செய்வதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, அதனால்தான் எழுதி வைக்கிறேன். ஜாக்கெட் எடுங்கள், நெடுஞ்சாலைக் கட்டண விக்னெட் வாங்குங்கள், பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள் என்பதெல்லாம் இதில் இல்லை. அது உங்களுக்கே தெரியும்.

எடை

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. வாடகைக்குக் கிடைக்கிற வண்டிகளில் பெரும்பாலானவை 3,500 கிலோவுக்குப் பதிவானவை. இந்திய லைசென்ஸை இங்கே மாற்றி வாங்கிய நம்மில் பலருக்கும் இருப்பது பி வகுப்பு, அதன் எல்லையும் அதே 3,500 கிலோதான். 1999க்கு முன் இங்கே லைசென்ஸ் எடுத்த பக்கத்து வீட்டுப் பெரியவர் 7.5 டன் வரை ஓட்டலாம், நமக்கு அது கிடையாது. ஆகவே "கொஞ்சம் பெரிய வண்டியா எடுத்துக்கலாம்" என்பது தீர்வு இல்லை. உண்மையில் வண்டி பெரிதாக ஆக, ஏற்றக்கூடிய எடை குறையும், ஏனென்றால் அந்தப் பெரிய உடம்பே 3,500க்குள் அடங்க வேண்டும்.

வண்டியின் பதிவுத் தாளை எடுத்துப் பாருங்கள். எஃப்.2 என்ற கட்டத்தில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை இருக்கும். ஜி என்ற கட்டத்தில் ஓடத் தயாரான நிலையில் வண்டியின் எடை இருக்கும், ஓட்டுநருக்கு 75 கிலோவும் 90 சதவீத டீசலும் அதிலேயே சேர்த்தி. ஒரு வண்டியில் அது 2,960 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 540 கிலோ, தாராளம் என்றுதான் தோன்றும். இப்போது கழித்துக்கொண்டே வாருங்கள். வாடகைக்கு விடுகிறவர் வண்டி வாங்கிய பிறகு மாட்டிய வெயில் கூடாரம், இரண்டாவது பேட்டரி, சைக்கிள் தாங்கி, டிவி எல்லாம் அந்த ஜி கட்டத்தில் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை, ஒரு 100 கிலோ போகட்டும். மனைவி, இரண்டு பிள்ளைகள் 130. ஓட்டுகிற நீங்கள் 75 கிலோ இல்லை, 88, அதில் ஒரு 13. பல கம்பெனிகள் தண்ணீர்த் தொட்டிக்கு 20 லிட்டர் மட்டும்தான் கணக்கில் சேர்ப்பார்கள். நீங்கள் 120 லிட்டர் தொட்டியை முட்ட நிரப்பினால் இன்னொரு 100 கிலோ. இரண்டாவது கேஸ் சிலிண்டர் 23. பெரியவர்கள், சிறியவர்கள் சைக்கிள் நான்கும் 70. மடக்கு நாற்காலி, மேஜை, கேபிள், ஹோஸ், மேடு பள்ளத்தில் சக்கரத்துக்கு அடியில் வைக்கிற சமதளக் கட்டை எல்லாம் 40. துணி, போர்வை 60. கூட்டிக் கழித்தால் மிச்சம் நான்கு கிலோ. அரிசி இன்னும் ஏறவில்லை. குக்கரும் இட்லித் தட்டும் மாவு டப்பாவும் வீட்டு வாசலிலேயே காத்துக்கொண்டிருக்கின்றன.

ஒரு முறை எங்களுக்குத் தெரிந்த குடும்பம், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவையும் சேர்த்து ஆறு பேர், ஆறு படுக்கை இருக்கிற வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வண்டியைக் கொடுத்தவர், "ஆறு பேர் தாராளமாகப் போகலாம்" என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆறு சீட் பெல்ட் இருக்கிறது, அது உண்மைதான். ஆறு பேரும் வெறுங்கையோடு போனால் போகலாம். இன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஆட்டோபானில் (நெடுஞ்சாலையில்) சோதனைக்காக ஓரங்கட்டச் சொல்லி, சக்கரத்துக்கு அடியில் தராசுப் பலகைகளை வைத்துப் பார்த்தால் 3,840 கிலோ. அந்த 340 கிலோ இறங்காமல் வண்டி நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அபராதம் தனி. எனக்கு போன் வந்தது. நான் போய்ப் பார்க்கும்போது குழாயைத் திறந்து தண்ணீர்த் தொட்டியை வடித்துக்கொண்டிருந்தார்கள், புல்தரையில் இருபது கிலோ பொன்னி அரிசி மூட்டையும் ஊரிலிருந்து வந்த இரண்டு பெரிய சூட்கேஸும் சைக்கிள்களும் வரிசையாகக் கிடந்தன. தாத்தா ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, நடப்பதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தாத்தாவும் பாட்டியும் அரிசி மூட்டையும் என் காரில் வந்தார்கள், விடுமுறை முழுக்க இரண்டு வண்டியாகத்தான் போனது.

இதில் எனக்குக் கோபம் அந்தக் குடும்பத்தின் மேல் இல்லை. ஆறு படுக்கை என்று விளம்பரம் செய்கிற பக்கத்தில் மீதி எத்தனை கிலோ என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? போட மாட்டார்கள், போட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஜெர்மனியில் இதற்கு அபராதம் அற்பம், 5 சதவீதம் தாண்டினால் 10 யூரோ, 10 சதவீதம் தாண்டினால் 30 யூரோ. அதனால்தான் இங்கேயே ஓட்டிப் பழகினவர்களுக்கு இது ஒரு பொருட்டாகவே தெரிவதில்லை. எல்லை தாண்டினால் கதை வேறு. அபராதத்தைவிடவும் மோசம், மலையில் அந்தக் கூடுதல் எடையை நிறுத்த வேண்டியது உங்கள் பிரேக்.

மொத்த எடை சரியாக இருந்தாலும் போதாது, முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் தனித்தனி எல்லை உண்டு, பதிவுத் தாளில் 8.1, 8.2 என்ற கட்டங்களில் இருக்கும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற சாமான் அறையும் அதற்கும் பின்னால் தொங்குகிற சைக்கிள் தாங்கியும்தான் வில்லன். இரண்டு அச்சுக்கும் நடுவே நான்கு மீட்டர், பின் அச்சிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி 100 கிலோ வைத்தால், பின் அச்சில் ஏறுவது 100 இல்லை, 150. அந்தக் கூடுதல் 50 கிலோ முன் அச்சிலிருந்து தூக்கப்படுகிறது. இந்த வண்டிகள் பெரும்பாலும் முன் சக்கரத்தால் இழுக்கப்படுபவை. மழை நனைத்த கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது முன் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும், பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், வண்டியில் கோளாறு என்று நினைப்பீர்கள். கோளாறு சைக்கிள் தாங்கியில்.

என்ன செய்யலாம்? கிளம்புவதற்கு முன் எடை மேடையில் ஏற்றுங்கள். குப்பை மறுசுழற்சி மையங்களிலும் விவசாயப் பொருள் கிடங்குகளிலும் எடை மேடை இருக்கும், சில யூரோதான் வாங்குவார்கள். எல்லோரும் உள்ளே உட்கார்ந்து, டீசல் நிரப்பி, சாமான் ஏற்றி மொத்தமாக ஒரு முறை, முன் சக்கரம் மட்டும் ஏற்றி ஒரு முறை, பின் சக்கரம் மட்டும் ஒரு முறை. தண்ணீரை 20 லிட்டரோடு நிறுத்துங்கள், கேம்ப்சைட்டில் குழாய் இருக்கிறது, அங்கே வருவது மலைத் தண்ணீர், குடிக்கலாம், பாட்டில் பாட்டிலாக ஏற்றத் தேவையில்லை. கனமானவற்றைத் தரையோடு ஒட்டி, இரண்டு அச்சுக்கும் நடுவில் வையுங்கள். அரிசி இரண்டு கிலோ போதும், பாஸ்மதி எந்தப் பள்ளத்தாக்கு சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். இட்லி ஒரு வாரம் இல்லாவிட்டால் பிள்ளைகள் ஒன்றும் ஆகிவிட மாட்டார்கள். நமக்குத்தான் கஷ்டம்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவது

ஏறும்போது பயந்து பயந்து ஓட்டுகிறவர்கள் இறங்கும்போது நிம்மதியாகிவிடுகிறார்கள், அங்கேதான் ஆபத்து. மியூனிக்கிலிருந்து மிட்டன்வால்ட், ஸீஃபெல்ட் வழியாக இன்ஸ்ப்ரூக் போனால் கடைசியில் ஸிர்லர் பெர்க் என்ற இறக்கம் வரும், சரிவு 16 சதவீதம் வரை. பிரேக் போன வண்டி ஏறி நிற்பதற்கென்றே ஓரத்தில் சரளைக்கல் ஓடுபாதை போட்டு வைத்திருக்கிறார்கள். அதை எதற்கு இவ்வளவு செலவு செய்து போட்டார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அங்கே அரசுப் பேருந்து இறங்கும்போது என்ஜின் உறுமுகிற சத்தம் ஞாபகம் இருக்கிறதா? அந்த டிரைவர் கியரில்தான் வண்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறார். இங்கேயும் அதேதான். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் டி-யில் விட்டுவிட்டு வராதீர்கள், மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டோ மூன்றோ போடுங்கள். என்ஜின் கத்தும், டீசல் வீணாகிறது என்று தோன்றும். வீணாகாது, காலை எடுத்துவிட்டால் கியரில் இறங்குகிற என்ஜினுக்கு டீசலே போவதில்லை. பிரேக் தேவைப்பட்டால் அழுத்தமாக ஒரு மிதி, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். லேசாகக் காலை வைத்துக்கொண்டே வந்தால் பிரேக் வட்டு ஆறவே ஆறாது. பிரேக் ஆயில் காலப்போக்கில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சூடேறினால் அந்த ஈரம் கொதித்து ஆவிக் குமிழி ஆகும், பிரேக் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. கருகின வாசனை வந்தால் அது பக்கத்து வண்டி இல்லை, உங்களுடையதுதான். அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் டீ போடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

ஒரே நாளில் மூன்று கணவாய்

வரைபடத்தில் 60 கிலோமீட்டர் என்று காட்டும், மனதுக்குள் ஒரு மணி நேரம் என்று போட்டுக்கொள்வீர்கள். ஏழு மீட்டர் வண்டிக்கு அது அரை நாள். பின் சீட்டில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்துவிட்டால் முழு நாள். ஒரு நாளைக்கு ஒரு கணவாய், அதுவும் காலையில், பிள்ளைகள் வயிறு முட்டப் புளியோதரை சாப்பிடுவதற்கு முன்னால்.

முதல் முறை போகிறவர்கள் இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயை விட்டுவிடுங்கள். 2,757 மீட்டர் உயரம், பிராட் ஊர்ப் பக்கம் மட்டும் 48 வளைவு, ஒவ்வொன்றிலும் எதிரில் மோட்டார் சைக்கிள் கூட்டம். ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் பாதையில் ஆரம்பியுங்கள். சுற்றுலாவுக்கென்றே கட்டி 1935இல் திறந்த பாதை, 48 கிலோமீட்டர், 36 வளைவு, அகலமாகவும் நிதானமாகவும் ஏறும், ஹோக்டோர் என்ற கணவாய் உச்சியில் 2,504 மீட்டர். சுங்கம் உண்டு, இரவில் மூடிவிடுவார்கள். பெந்தெகொஸ்தே சமயத்தில் உயரமான கணவாய்கள் பல திறக்காமலே இருக்கும், மே மாதம் கீழே வெயில் அடிக்கிறது என்பதால் மேலே பனி இல்லை என்று ஆகாது. கிளம்புகிற அன்று காலையில் பார்த்துவிட்டுப் போங்கள்.

உயரம்

வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங் எதிரே ஒட்டுங்கள். பார்க்கிங் வாசலில் தொங்குகிற இரும்புக் கம்பி உங்களுக்காக வளையாது.

கேஸும் குளிரும்

நீல நிற பியூட்டேன் சிலிண்டரைக் கடையில் பார்த்து வாங்கிவிடாதீர்கள். பியூட்டேன் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே போனாலே ஆவியாகாது, புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். இரண்டாயிரம் மீட்டரில் ஜூன் இரவில்கூடப் பூஜ்யத்தைத் தொடும், காலையில் காப்பிக்கு அடுப்பு பற்றாது. அங்கே தண்ணீர் கொதிப்பதும் 93 டிகிரியிலேயே, சும்மா பாத்திரத்தில் சோறு வைத்தால் வேக வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகும். அதனால் குக்கரை மட்டும் எடையில் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு நான் அனுமதி தருகிறேன். ஆனால் குளிர்கிறது என்று ஜன்னலை மூடிவிட்டு அடுப்பை எரியவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

நடுராத்திரி வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டினால் பதறி வாடகைக்காரருக்கு போன் போடாதீர்கள். பாய்லர் இருக்கிற இடத்தில் வெப்பநிலை சுமார் 3 டிகிரிக்கு இறங்கினால் உறைபனி வால்வு தானே திறந்து தண்ணீரை வெளியேற்றிவிடும், குழாய் வெடிக்காமல் இருக்க. முதலில் ஹீட்டரைப் போட்டு உள்ளே சூடு ஏறவிடுங்கள், பிறகு வால்வைக் கையால் மூடித் தண்ணீர் நிரப்புங்கள். குளிரிலேயே மூடப் பார்த்தால் மூடாது.

கண்ட இடத்தில் தூங்குவது

ஜெர்மனியில் தடை இல்லாத பார்க்கிங்கில் ஓர் இரவு தூங்கி எழுந்து போகலாம். அதே பழக்கத்தில் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் ஏரிக்கரையில் நிறுத்தாதீர்கள், அங்கே கேம்ப்சைட்டுக்கு வெளியே கேம்ப் செய்வது சட்டப்படி தடை. இத்தாலியில் நான்கு சக்கரத்தில் நிற்கிறவரை அது பார்க்கிங். நாற்காலியை வெளியே போட்டால், கூடாரத்தை இழுத்தால், சமதளக் கட்டை மேல் ஏற்றினால்கூட அது கேம்பிங், அதற்கு அபராதம். டோலமைட்ஸில் இருக்கிற பிராக்ஸர் ஏரிக்கு ஜூலை, ஆகஸ்டில் பகலில் முன்பதிவு இல்லாமல் வண்டியை விடவே மாட்டார்கள், பள்ளத்தாக்கு வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

படுக்கையில் பிள்ளைகள்

வண்டி ஓடும்போது கூடாது. தூக்கம் வந்தாலும் பெல்ட்டோடு சீட்டில்தான்.

கழிவறைப் பெட்டி

தினமும் காலி செய்யுங்கள், அதற்கென்று இருக்கிற இடத்தில் மட்டும். யார் செய்வது என்பதை வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.