பழைய பிஎஃப் புதுக் கணக்குக்கு மாறாமல் நின்றது: என் அனுபவம்

கம்பெனி மாறிய பிறகு பழைய பிஎஃப் பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்ற விண்ணப்பித்தால் போகவே இல்லை. காரணம், பழைய கம்பெனி நான் வேலையை விட்ட தேதியைப் பதியவில்லை. அங்கே மெயில் போட்டேன், போன் செய்தேன், பதிலே இல்லை. பணத்தை எடுத்துவிடு என்றார்கள் சிலர், ஆனால் ஐந்து வருடத் தொடர் பணி முடியாமல் எடுத்தால் வரி வரும், பென்ஷனுக்கு வேண்டிய பத்து வருடக் கணக்கும் அடிபடலாம் என்பதால் அதைத் தொடவில்லை.

அந்தத் தேதியை நாமே பதியலாம். யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) போட்டு நுழையும் பிஎஃப் தளத்தில் 'மேனேஜ்' பகுதிக்குள் 'மார்க் எக்ஸிட்' இருக்கிறது, கம்பெனி கடைசியாகக் கட்டிய பிஎஃப் பங்களிப்புக்குப் பிறகு இரண்டு மாதம் கழிந்திருக்க வேண்டும், ஆதாரில் உள்ள மொபைலுக்கு ஓடிபி வரும். சரி என்று ரிலீவிங் லெட்டரில் இருந்த ஏப்ரல் தேதியைப் போட்டேன், ஏற்கவில்லை. இங்கேதான் நாட்கள் வீணாயின.

பிஎஃப் பாஸ்புக்கைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கடைசியாகப் பணம் வரவான தேதியும் ஏப்ரல்தான், ஆனால் அது மார்ச் மாதச் சம்பளத்துக்கானது, ஒரு மாதத்துக்கான பங்களிப்பு அடுத்த மாதம்தான் கட்டப்படும். தளம் பார்ப்பது வரவான தேதியை அல்ல, அந்தச் சம்பள மாதத்தை. நான் வேலை பார்த்ததும் மார்ச் கடைசி வரைதான் என்பதால் மார்ச் 31 போட்டேன், உடனே ஏற்றுக்கொண்டது. அப்புறம் மாற்றல் விண்ணப்பமும் போய்விட்டது, பெரிய நிம்மதி.

தேதியைப் பதியும்போது பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதியுங்கள்.