மண்டபத்து பிளக்கில் வேனைச் செருகும் முன்

கும்பகோணம், வேளாங்கண்ணி பக்கம் ஏசி வைத்த கேம்பர் வேனில் (உள்ளேயே தங்கித் தூங்கும் வேன்) போனால், ராத்திரிக்கு லாட்ஜ் வாசலிலோ கல்யாண மண்டபத்திலோ நிறுத்தி 16 ஆம்பியர் பிளக்கில் கரண்ட் எடுப்பதுதான் வழக்கம். ஃபேஸ் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். வில்லங்கம் எர்த்திலும் நியூட்ரலிலும்தான்.

முதலில் வயர். 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் ஃப்ளெக்சிபிள், 20 மீட்டருக்குள். சுருளை முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுற்றி வைத்தபடியே ஏசி ஓட்டினால் வயர் சூடாகி இளகும். பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் செருக உதவும் 6 ஆம்பியர் கன்வெர்ட்டர் பின் வேண்டவே வேண்டாம்.

வேனுக்குள் கரண்ட் நுழையும் இடத்தில் ஒரு பெட்டி. வரிசை: 16 ஆம்பியர் டபுள் போல் எம்சிபி (லோடு மிஞ்சினாலோ ஷார்ட் ஆனாலோ ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது), பிறகு ஓவர்/அண்டர் வோல்டேஜ் ப்ரொடெக்டர் (வோல்டேஜ் ஏறினாலோ இறங்கினாலோ துண்டிப்பது), பிறகு 25 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் எர்த் பக்கம் கசிந்தால் துண்டிப்பது). ப்ரொடெக்டரில் மேல் அளவு 255 வோல்ட், கீழ் அளவு 190, மீண்டும் சேர 180 விநாடி. அந்த மூன்று நிமிடம் கம்ப்ரசருக்காக. கீழ் அளவும் அதற்காகத்தான்: அக்கம்பக்கத்தில் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் தொங்கும். அப்போது கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் உறுமி வைண்டிங் சூடாகும். ஸ்டெபிலைசரை நம்பி ப்ரொடெக்டரை விடாதீர்கள். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் ஒரு ஃபேஸில் 400 வரை ஏறலாம், அதைச் சாதாரண ஸ்டெபிலைசர் தாங்காது. ப்ரொடெக்டர் வாங்கும்போதும் 400 தாங்குமா என்று பார்த்தே வாங்குங்கள். கடலோரத்தில் உப்புக்காற்றில் ஜாயின்ட் அரிப்பது சகஜம் என்பதால் நியூட்ரல் அறுவதும் நடக்கும்.

இனி சாக்கெட். மேலே பெரிய ஓட்டை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். டெஸ்டர் போதாது, அது ஃபேஸைத் தவிர எதையும் சொல்லாது.

ஃபேஸ்–நியூட்ரல் 210 முதல் 245. ஃபேஸ்–எர்த் கிட்டத்தட்ட அதே அளவு. 100, 120 என்று ஊசலாடினால் எர்த் வயரே இல்லை, மீட்டர் காட்டுவது ஆவி வோல்டேஜ், அதாவது இணைப்பே இல்லாமல் தெரியும் போலி அளவு. நியூட்ரல்–எர்த் 230 காட்டினால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன.

நியூட்ரல்–எர்த் 0 என்றால் நல்லது என்று நினைப்போம். இங்கேதான் நிதானிக்க வேண்டும். அதே லைனில் ஒரு இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு வோல்ட் வந்தால் சரி. லோடு ஓடும்போதும் சுத்தமாக 0, சாக்கெட்டோ மெயின் போர்டிலிருந்து தள்ளி இருக்கிறது என்றால், யாரோ சாக்கெட்டுக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் துண்டு வயரில் இணைத்திருக்கலாம். அப்படி இணைத்திருக்கையில் நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் வேன் பாடி முழுக்க 230 வோல்ட். எர்த் வயர் ஆர்சிசிபி வழியே போவதில்லை, அதனால் அதுவும் ட்ரிப் ஆகாது. கீழே நின்று கதவைத் தொடுபவருக்கு ஷாக்.

வேறு சாக்கெட் பாருங்கள். கிடைக்காவிட்டால், சாக்கெட்டின் எர்த்தைச் சேர்க்காத தனி வயர் ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் செய்து வைத்துக்கொண்டு, பாடியை உங்கள் சொந்தக் கம்பியில் இணையுங்கள்: மூன்றடி ஜிஐ ராடு (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி), ஈர மண்ணில் முழுக்க இறக்கியது. இதற்கு டெல்டாவின் களிமண் வரப்பிரசாதம். கடற்கரை மணலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ஆர்சிசிபி தட்டும் 30 மில்லி ஆம்பியருக்கு, பாடியில் மிஞ்சக் கூடாத 50 வோல்ட் என்று கணக்கிட்டால் 1,666 ஓம் வரை இடமிருக்கிறது, எனவே சுமாரான எர்த்கூட ஆர்சிசிபியைத் தட்டிவிடும். ஆனால் எம்சிபியை அது தட்டாது. ஆர்சிசிபி இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ராடில் நியூட்ரலைக் கட்டவும் கூடாது.

எர்த்தைச் சோதிக்க ஃபேஸுக்கும் எர்த்துக்கும் குறுக்கே பல்பு பிடிக்கும் பழக்கம் உண்டு. எர்த் மோசமாக இருந்தால் அந்தக் கட்டிடத்து ஃப்ரிட்ஜ், கிரைண்டர் பாடியிலெல்லாம் கரண்ட் ஏறும். வேண்டாம்.

பிறகு சேர்த்தது: மண்டபம் ஜெனரேட்டருக்கு மாறும்போது எர்த் கணக்கும் மாறிவிடலாம். ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் இருந்தால் ஆர்சிசிபி தட்ட வழி இருக்காது. ஜெனரேட்டர் சத்தம் கேட்டதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இன்வெர்ட்டரில் ஃபேனை மட்டும் ஓட்டுங்கள்.