விரல்களை எண்ணினால் போதுமா?

2023 மார்ச்சில், போப் பிரான்சிஸ் வெள்ளை நிறப் பஃபர் ஜாக்கெட் அணிந்திருக்கும் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. மிட்ஜர்னி என்ற ஏஐ கருவியில் உருவாக்கிய படம் அது. உண்மை தெரிந்ததும் பலர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். கோப்பையைப் பிடித்திருந்த கை குழம்பிக் கிடந்தது. அன்று தொற்றிய பழக்கம் இன்னும் விடவில்லை. விரலை எண்ணுவது, கண் சிமிட்டுகிறதா என்று பார்ப்பது, பின்னால் உள்ள பெயர்ப்பலகையில் எழுத்து உடைந்திருக்கிறதா என்று தேடுவது. இளைஞர்கள் இதில் கெட்டிக்காரர்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் எனக்குக் கவலை தருகிறது.

குறை தெரிந்தால் போலி என்று சந்தேகிக்கலாம். குறை தெரியவில்லை என்பதற்காக உண்மை என்று சொல்லிவிட முடியாது. கருவிகள் வேகமாகத் தேறிவருகின்றன; போன வருடம் கற்ற அடையாளம் இந்த வருடம் உதவாது. 2024-இல் ஒரு புகைப்படப் போட்டியின் ஏஐ பிரிவில், தலையே இல்லாததுபோல் தோன்றும் பூநாரையின் படம் ஒன்று பரிசு பெற்றது. அதை அனுப்பிய மைல்ஸ் ஆஸ்ட்ரே, அது தான் கேமராவில் எடுத்த நிஜப் படம் என்று பிறகு வெளிப்படுத்தினார். நடுவர்களின் கண்ணே தவறும்போது, கைபேசித் திரையை இரண்டு விநாடி பார்த்துவிட்டு நாம் எப்படித் தீர்ப்புச் சொல்வது?

குரலுக்கோ விரல்களே இல்லை. 2023 செப்டம்பரில் ஸ்லோவாக்கியத் தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கையில், கட்சித் தலைவர் மிஹால் ஷிமெச்கா ஒரு பத்திரிகையாளரிடம் தேர்தல் முறைகேடு பற்றிப் பேசுவதுபோன்ற ஒலிப்பதிவு பரவியது. போலி என்று இருவரும் மறுத்தார்கள். ஆனால் பிரசாரம் ஓய்ந்திருக்க வேண்டிய நேரம் அது. மறுப்பு பரவ வாய்ப்பே குறைவு. ஒரு செய்தி எதைச் சொல்கிறது என்பதோடு, ஏன் இந்த நேரத்தில் வருகிறது என்றும் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். ஏமாற்றுவதற்கு ஏஐ தேவையே இல்லை. பல வருடம் முந்தைய வெள்ளத்தின் படத்தை 'இன்று காலை' என்று போட்டால் போதும். அதில் விரல்கள் சரியாகவே இருக்கும். கூகுள் லென்ஸிலோ டின்ஐ (TinEye) தளத்திலோ அந்தப் படத்தைப் போட்டுத் தேடினால், முன்பு எங்கே வெளியானது என்று பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

அப்படியானால் எங்கே பார்ப்பது? இதற்கு நான் கண்ட மிகத் தெளிவான விடை, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி இணையதளங்களைக் கொடுத்து எது நம்பகமானது என்று கேட்டார்கள். குழந்தை மருத்துவர்களின் பெயரில் இரண்டு அமைப்புகளின் தளங்கள் அதில் இருந்தன. ஒன்று பல்லாயிரம் உறுப்பினர்கள் கொண்ட பழைய சங்கம். மற்றது அதிலிருந்து கருத்து வேறுபாட்டால் பிரிந்த சிறு குழு. மாணவர்களில் பலரும், பேராசிரியர்களில் சிலரும்கூட, தளத்துக்குள்ளேயே உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். வடிவமைப்பு நேர்த்தியா, லோகோ இருக்கிறதா, அடிக்குறிப்பு உண்டா என்று பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய டேப்கள் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி வெளியே யார் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைவாகப் படித்து, விரைவாகச் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்களே. இந்த முறைக்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர். பிழையில்லாத மொழியும் அழகான பக்கமும் யாருக்கும் நொடியில் கிடைக்கும் இந்தக் காலத்தில், அது 2017-ஐவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

இங்கேதான் அடுத்த தவறு காத்திருக்கிறது. வெளியே தேடுவதாக நினைத்து, சாட்ஜிபிடி போன்ற சாட்பாட்டிடம் 'இது உண்மையா?' என்று கேட்டுவிட்டு, வந்த பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆதாரமாகக் காட்டுகிறார்கள். நியூயார்க் வழக்கறிஞர் ஒருவர் இதையே செய்தார். ஒரு வழக்கில் மேற்கோள் காட்டச் சாட்ஜிபிடி கொடுத்த பழைய தீர்ப்புகள் நிஜம்தானா என்று அதனிடமே கேட்டார், நிஜம் என்றது. எல்லாம் கற்பனை. 2023 ஜூனில் அந்த வழக்கில் 5,000 டாலர் அபராதம் விழுந்தது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் பிபிசியும் 2025-இல் வெளியிட்ட ஆய்வில், செய்திகள் பற்றிய ஏஐ பதில்களில் 45 சதவீதத்தில் குறிப்பிடத்தக்க குறை ஒன்றாவது இருந்தது. சற்றுமுன் நடந்ததைப் பற்றி நம்பகமான எழுத்து இன்னும் அதிகம் வந்திராத நேரத்திலும் சாட்பாட் தயங்காமல் பதில் சொல்லும். அது காட்டும் இணைப்பைத் திறந்து, அந்தத் தகவல் அங்கே இருக்கிறதா என்று நாமே படிக்க வேண்டும்.

கணக்கின் பெயருக்குப் பக்கத்தில் வரும் நீல டிக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ் தளத்தில் அது கட்டணம் கட்டினால் கிடைப்பது. 2023 மே 22 அன்று அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் அருகே குண்டு வெடித்ததாகப் போலிப் படம் வந்தபோது, ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம்போல் பெயர் வைத்த ஒரு நீல டிக் கணக்கும் அதைப் பரப்பியது. பங்குச் சந்தை சில நிமிடம் சரிந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அவ்வளவு நடமாட்டமுள்ள இடத்தில் வெடித்திருந்தால், வேறு கோணங்களில் எத்தனை படங்கள் வந்திருக்க வேண்டும்! ஒன்றுகூட வரவில்லை.

இத்தனையும் கேட்டு 'எதையும் நம்ப மாட்டேன்' என்று முடிவெடுப்பவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, வருத்தம் உண்டு. அது விழிப்புணர்வுபோல் தெரிந்தாலும், பொய் சொல்பவர்களுக்கு அதைவிட வசதியானது வேறில்லை. 2024 ஆகஸ்டில் டெட்ராய்டில் கமலா ஹாரிஸை வரவேற்கத் திரண்ட கூட்டத்தின் படத்தை ஏஐ என்றார் டிரம்ப். கூட்டம் நிஜம், பல செய்தி நிறுவனங்களின் கேமராக்கள் அங்கே இருந்தன. பென்டகன் பொய்யை வெளிப்படுத்திய அதே கேள்வி, இங்கே மெய்யைக் காப்பாற்றுகிறது: வேறு யார் பார்த்தார்கள்?

யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை என்றால் பகிராமல் காத்திருங்கள். ஏற்கெனவே பகிர்ந்துவிட்டீர்கள் என்றால், சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போய்விடாதீர்கள். உங்களிடமிருந்து எடுத்து மற்றவர்களுக்கு அனுப்பியவர்களிடம் அது அப்படியே இருக்கும். எந்தக் குழுவில் போட்டீர்களோ அதே குழுவில், 'நான் நேற்று அனுப்பியது தவறு, சரியான செய்தி இது' என்று இணைப்போடு எழுதுங்கள்.