பொன்னியின் செல்வனுக்குக் கூட்டம் போடுகிறவர்களுக்கு

காட்பாடி காந்தி நகரில் எங்கள் மொட்டை மாடியில் ஞாயிறு மாலை புத்தகம் பேசுகிறோம். மற்ற நாவல்களுக்கு வருவது நாலைந்து பேர். பொன்னியின் செல்வன் என்றால் பாய் பற்றாது. பாதிப் பேர் கல்கியைக் கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள், மீதிப் பேர் பாதியிலேயே மூடி வைத்தவர்கள். படத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்து எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசுகிறவர்கள் தனிக் கட்சி. இவர்களை எப்படிச் சமாளிக்கிறேன் என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

"பிடித்ததா, இல்லையா?" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். அது வீம்பில் போய் முடியும். "எந்த அத்தியாயத்தில் கீழே வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். முடித்தவர்களிடம், எந்த அத்தியாயத்துக்காகத் தூக்கம் கெட்டது என்று கேளுங்கள். பாகமும் அத்தியாயமும் சொல்லாத கருத்துக்கு எங்கள் மாடியில் மதிப்பில்லை. கணக்கு டீச்சராக இருந்தவள், ஸ்டெப் போடாத விடைக்கு நான் மார்க் போட்டதே இல்லை.

இப்படிக் கேட்டாலே புகார்கள் இனம் பிரிந்துவிடும். முதலில் வருவது இழுவை. "டீச்சர், இந்த ஆழ்வார்க்கடியானுக்கு ஒட்டுக் கேக்கறதத் தவிர வேற வேலையே இல்லியா?" என்று நாவலில் வரும் ஒற்றனைப் பற்றிக் கேட்டான் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் தம்பி. நியாயமான கேள்வி. இதற்கு வாயால் பதில் சொல்லக் கூடாது, காட்ட வேண்டும். பத்திரிகைப் பக்கங்களைக் கிழித்துத் தைத்த பழைய பைண்டு யார் வீட்டிலாவது இருந்தால் வாங்கி வையுங்கள். எங்கள் கீழ்வீட்டு அக்காவிடம் ஒன்று உண்டு. ஓரத்தில் கோந்து காய்ந்து பழுப்பேறி, திருப்பினால் துகள் மடியில் கொட்டும். அதில் ஒவ்வொரு அத்தியாயமும் முடிகிற இடத்தில் விரல் வைத்துக்கொண்டே போங்கள். புதரில் ஒரு தலை தெரியும், மதிலுக்குப் பின்னால் காலடி கேட்கும், அந்த வாரம் அவ்வளவுதான். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் அது. ஒரே மூச்சில் படிக்கிறவருக்கு அலுக்கும், ஒரு வாரம் காத்திருந்து படித்தவருக்கு அதுதான் ருசி. தம்பிக்கு நான் சொன்ன வழி: இரவுக்கு இரண்டு அத்தியாயம், அதற்கு மேல் தொடாதே. ஐந்தாம் பாகம் மட்டும் 91 அத்தியாயம், அதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

அடுத்தது சரித்திரச் சண்டை. நந்தினி கற்பனை, பூங்குழலி கற்பனை, குந்தவை நிஜம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலைதான் சிக்கல். உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று கொன்றவர்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. யார் ஏவினார்கள் என்று சொல்லவில்லை. பிறகு பட்டம் ஏறிய உத்தம சோழன் மேல் சரித்திர ஆசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் சந்தேகப்பட்டார். கல்கியோ கடம்பூர் மாளிகையில் இருட்டைப் பரப்பி நம்மைக் குழப்பத்தில் விட்டுவிடுகிறார். அது சாமர்த்தியமா, நழுவலா? என்னைக் கேட்டால் நழுவல்தான், ஆனால் அழகான நழுவல். கல்வெட்டு வாசகத்தை ஒரு தாளில் எழுதி நடுவில் வையுங்கள், குரல்கள் தானாக இறங்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. வாணர்கள் ஆண்ட திருவலம் பக்கத்திலேயே இருப்பதால், வாணர் குலத்து வீரனாக நாவலில் வரும் வந்தியத்தேவனை இங்கே எல்லாரும் சொந்தக்காரராகவே பேசுவார்கள். வாக்குவாதம் முற்றினால் ஒரு வேன் பேசி மேல்பாடிக்குப் போய்விடுங்கள். பொன்னை ஆற்றங்கரையில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பிய கோயில், இருக்கிறது. அரிஞ்சயனை 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்', ஆற்றூரில் இறந்தவர், என்கிறது கல்வெட்டு. நேரமிருந்தால் தக்கோலம். 949இல் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே உயிர்விட்ட போர் அங்கேதான். சோழர் கதை என்றால் தஞ்சாவூர்தான் என்று நினைப்பவர்கள் வண்டியில் திரும்பும்போது வேறு மாதிரி பேசுவார்கள். வெயிலுக்கு முன் கிளம்புங்கள், மோர் பாட்டில் மறக்க வேண்டாம்.

கடைசிப் புகார் முடிவைப் பற்றி: "திடீர்னு முடிச்சுட்டார்." இந்தக் குறை தொடர் முடிந்த வாரத்திலேயே எழுந்தது, அதற்காகவே கல்கி ஒரு முடிவுரை எழுதினார். வந்தியத்தேவன் குந்தவையை மணந்தானா என்பதற்குக்கூட அதில் பதில் இருக்கிறது. ஆனால் அதை எடுத்தவுடனே வாசித்துக் காட்டிவிடாதீர்கள். முடிவு பிடிக்காதவர்கள், தாங்களாக இருந்தால் எங்கே நிறுத்தியிருப்பார்கள் என்று சொல்லி முடிக்கட்டும், அப்புறம் வாசியுங்கள்.

மிச்சச் சண்டையை வாட்ஸ்அப்பில் தொடர விடாதீர்கள். அங்கே போனால் அத்தியாய எண் காணாமல் போய், ரவிதாசன் என்ன சாதி என்பதுதான் மிஞ்சும்.