நாயை இழுக்கப் பழக்குகிறீர்களா? கழுத்தில் கயிறு வேண்டாம்

அலாஸ்காவில் நாய்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் இடிடராட் பந்தயத்தில் சுமார் 1,600 கிலோமீட்டர் ஓடும் நாய்களைக்கூட, பனி விழாத மாதங்களில் சக்கர வண்டியை இழுக்க வைத்துத்தான் பழக்குகிறார்கள். அதைக் கேட்டுத்தான் நானும் வேலூர் பாலாற்று மணலில் என் சிப்பிப்பாறை நாய்க்குப் பயிற்சி தொடங்கினேன்.

முதல் வாரம் கழுத்துப்பட்டையிலேயே கயிற்றைக் கட்டிவிட்டேன். இழுக்கும்போதெல்லாம் இருமியது, பாவம். பாரம் மார்பில் விழ வேண்டும், தொண்டையில் அல்ல. மார்போடு சேர்த்து மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். மாட்டியபின் முன்னங்காலின் இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள். அங்கே வார் உரசினால் இரண்டே நாளில் தோல் சிவந்துவிடும். ஒன்றரை வயதாகும்வரை பாரமே வேண்டாம், வெறும் ஓட்டம் போதும்.

நம் ஊர் வெயில்தான் பெரிய எதிரி. நாய்க்கு நம்மைப்போல் உடலெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். விடியற்காலை 5 மணிக்கே தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுங்கள். தரையில் புறங்கையை 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். நாக்கு அகன்று தொங்கி, ஈறு அடர்சிவப்பாக மாறினால் அங்கேயே நிறுத்துங்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிவிட்டு, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.