உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் சங்கம் ஃபைபர் இணையத்தைப் பரப்புவது எப்படி?

தனி ஆபரேட்டருக்கு எட்டாததும் சங்கத்துக்கு எட்டுவதுமான முதல் வேலை, சாலையைத் தோண்டுவதற்கான அனுமதியைப் பெறுவதாகும். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள, 2024ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு வழியுரிமை விதிகளை (கேபிள் பதிக்க இடங்களைப் பயன்படுத்த அனுமதி பெறுவதற்கான விதிகள்) எளிய தமிழில் சுருக்கி உறுப்பினர்களிடம் கொடுங்கள். ஒரே தெருவுக்கு ஐந்து பேர் தனித்தனியே விண்ணப்பிப்பதைவிட, ஒரே பள்ளத்தில் கூடுதல் குழாய்களைப் பதித்துப் பங்கிட்டுக்கொள்ளும் திட்டத்தை நகராட்சியின் முன் வைப்பதே நல்லது. தோண்டும் முன், நிலத்தடியில் குழாயோ கேபிளோ வைத்திருப்போருக்குத் தெரிவிக்கும் ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியில் தகவல் தருவதையும் கட்டாயமாக்குங்கள். குடிநீர்க் குழாய் ஒருமுறை உடைந்துவிட்டால், அடுத்த தெருவில் யாரும் மண்வெட்டியை இறக்க விடமாட்டார்கள்.

அடுத்தது பயிற்சி. கேபிள் டிவியின் கோஆக்சியல் (செம்பு) கேபிளில் கைதேர்ந்தவர்கள்கூட ஃபைபர் முனையைத் துடைக்காமலே இணைத்துவிடுவதுண்டு. புகார்கள் பலவற்றுக்கு அந்தத் தூசிதான் காரணம் என்பது என் எண்ணம். ஃபைபர்களை உருக்கி ஒட்டும் ஃப்யூஷன் ஸ்பிளைசரையும், ஃபைபரில் எங்கே எவ்வளவு ஒளி இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் கருவியையும் சங்கமே வாங்கி, குறைந்த வாடகைக்குத் தரலாம். ஒட்டிய இடத்தில் ஒளி இழப்பு 0.1 டெசிபெலைத் தாண்டினால், வெட்டி மீண்டும் ஒட்டச் சொல்லுங்கள். ஒரு ஃபைபரில் வரும் ஒளியை எட்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் மட்டுமே ஏறத்தாழ 10 டெசிபெலை விழுங்கிவிடுவதால், மிச்சத்தை வீணாக்க இடமில்லை.